ஞான ஒடுக்கமும் உழைப்போரின் ஓய்வும்

இறைவனில் நம்பிக்கை வைத்து மௌனத்தில் இளைப்பாறுதல் சமூகத்தினின்றும் விலகுதலாகவே முற்போக்காளராற் பெரும்பாலும் கருதப்படுகின்றது. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது.

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் நிறுவப்பெற்று, 1895இல் இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சபையின் நிறுவுநரான இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் 1548இல் அச்சேறின. அவை வகுக்கும் முப்பது நாள் ஞான ஒடுக்கத்தின் மையம் வாழ்க்கைத் தெரிவாகும். ஆகவே, அங்கு மௌனம் செயலுக்கான ஆயத்தமேயன்றிச் செயலின்மையன்று.

உபாகமத்தின் ஓய்வுநாட் கட்டளை, எகிப்திய அடிமைத்தனத்தினின்று பெற்ற விடுதலையைக் காரணங்காட்டி, வேலையாட்களுக்கும் ஓய்வை உரித்தாக்குகின்றது. இளைப்பாறுதல் இங்கு உழைப்போர் உரிமையாகின்றது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த துறைமுக நகரில் இவ்வுண்மை கனதியானது. தொழிலாளிக்கு ஓய்வை மறுத்து அமைதியைப் போதித்தல், அடங்கியிருக்கச் சொல்வதேயாகும். ஓய்வு உறுதியான இடத்திலேயே மௌனம் நம்பிக்கையாக முதிரும்.