கேஸ் போச்சுண்ணே!

மே மாதம். மத்தியானம் பன்னிரண்டு மணி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் சந்தைக்கு ஒரு சின்னக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நிழல் என்று பார்த்தால் கரண்ட் கம்பத்தின் நிழல்தான். அதிலும் ஏற்கெனவே இரண்டு ஆடுகள் நிற்கின்றன. காருக்குள் நாலு பேர். பின் சீட்டிலிருந்து மச்சான், "ஏம் மாப்ள, அந்த ஏ.சி.யைத்தான் கொஞ்சம் போடேன்" என்கிறார்.

போட்டுத்தான் இருக்கிறது. அரை மணி நேரமாக!

மறுநாள் காலையில் ஒர்க் ஷாப். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "கேஸ் போச்சுண்ணே. ரொப்பிட்டா ஜில்லுன்னு ஆயிரும்." ரொப்புகிறார்கள். சில சமயம் ஜில்லென்றும் ஆகிறது. அடுத்த பங்குனியில் மறுபடி அதே தீர்ப்பு, அதே பில். சம்பளத்தில் பிடித்தம் மாதிரி, வருஷா வருஷம் இது ஒன்று.

விஷயம் என்னவென்றால், ஏ.சி. கேஸ் பெட்ரோல் இல்லை. ஓட ஓடத் தீர்ந்து போவதற்கு அது எரிவதே கிடையாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய் வழியாகவும், கம்ப்ரஸர் ஸீல் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், வாஸ்தவம். ஆனால் ஒரே வருஷத்தில் காலி என்றால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். கல்லாவில் பணம் குறைகிறதென்றால் கணக்குப்பிள்ளை முதலில் கேட்பது 'எங்கே போச்சு?' என்றுதான். பையிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டுக் கணக்கை மூடுகிறவரை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா?

இன்னொரு சங்கதி. பல கார்களில் கேஸ் குறையவே இல்லை. குற்றவாளி வேறு ஆள்.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? வெளியே கசிந்த தண்ணீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏ.சி.யும் அதே வித்தைதான். இப்போது ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்து விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சமாசாரம். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் அது திரவமாக வந்து ஆவியாகி, காருக்குள் இருக்கிற சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி முன்னால் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் வலை மாதிரி நிற்கும் கண்டென்ஸரில் சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. அவ்வளவுதான். ஏ.சி. குளிரை உண்டுபண்ணுவதில்லை, சூட்டை மூட்டை கட்டி வெளியே எறிகிறது.

(1939-ல் அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி முதன்முதலாக ஏ.சி. கார் விற்றபோது பாதி டிக்கியை அந்தக் கருவியே அடைத்துக்கொண்டது. ஆஃப் பண்ண வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, இறங்கிப் போய், பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! நாம் ஒரு பட்டனை அமுக்கவே அலுத்துக்கொள்கிறோம்.)

எறிகிற இடம் அடைத்திருந்தால்? அதுதான் நம் வட்டாரத்துக் கதை. வெளியே 40 டிகிரி. அந்தக் காற்றில் சூட்டைக் கொட்ட வேண்டுமென்றால் கண்டென்ஸர் அதைவிட நன்றாகச் சூடாக இருந்தாக வேண்டும். இன்ஜினுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும் வேளை. போதாக்குறைக்கு நரிக்குடி, வீரசோழன் பக்கத்துச் செம்மண்ணும் கரம்பைத் தூசியும், கருவேலம் கரி ஏற்றிப் போகும் லாரி தூவிவிட்டுப் போன தூளும், கருவேல இலையும், பூச்சியும், சந்தைக்கு ஆடு ஏற்றிய வேனுக்குப் பின்னாலேயே போனதற்குச் சாட்சியாக ரெண்டு ரோமமும் கண்டென்ஸரின் அலுமினிய இழைகளுக்குள் போய்க் குடியேறுகின்றன. காற்று நுழைய வழியில்லை. சூடு இறங்கவில்லை. உள்ளே பிரஷர் ஏறுகிறது, கம்ப்ரஸர் முக்குகிறது, ஒரு கட்டத்தில் பிரஷர் ஸ்விட்ச் 'போதுமடா சாமி' என்று அதை நிறுத்திவிடுகிறது. இந்த நிலைமையில் மேலும் கேஸ் ரொப்பினால் பிரஷர் இன்னும் ஏறும், குளிர் இன்னும் குறையும். வயிறு உப்புசமாக இருக்கிறது என்று போனவருக்கு இன்னொரு ஃபுல் மீல்ஸ் கொடுத்த வைத்தியம்!

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடும்போது குளிர்ச்சி, ரயில்வே கேட்டில் நின்றால் வெந்நீர்க் காற்று என்றால் முக்கால்வாசி சந்தேகம் கண்டென்ஸர் மேலும் அதன் ஃபேன் மேலும்தான். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நின்றால் ஃபேன்தான் கதி. சந்தேகத்தை உறுதிப்படுத்த, காரை நிறுத்தி இன்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் ஒரு மக் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். இரண்டொரு நிமிஷத்தில் உள்ளே காற்று ஜில்லென்று ஆனால் உங்கள் கேஸ் பத்திரமாக இருக்கிறது. வேண்டியது கழுவல்.

கழுவுவதையும் இன்ஜின் ஆறின பிறகு சாதாரண ஹோஸ் பைப்பில் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பையன் உற்சாகமாக பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்து அடித்தால் அந்த மெல்லிய இழைகள் எல்லாம் மடிந்து படுத்துவிடும். தூசி அடைத்ததைவிட மோசம். முடிந்தால் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் பெரும் குப்பை இருக்கும். எட்டிப் பார்க்காதவரை தெரியாது.

அடுத்து ஃபேன். ஏ.சி. போட்ட கொஞ்ச நேரத்தில் முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். பல சமயம் சின்னச் செலவுதான். சுற்றுகிறது, ஆனாலும் பிரயோஜனம் இல்லை என்றால் ஒரு பேப்பரைக் கிரில் முன்னால் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது யாரோ ஒயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிரிக்காதீர்கள், நடக்கிற கதைதான். ஒரு எச்சரிக்கை: இந்த ஃபேன் தானாகத் திடீரென்று கிளம்பும். விரலை அங்கே வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் அரசியல் பேச வேண்டாம்.

காற்று குளிராகத்தான் வருகிறது, ஆனால் கிழவி ஊதுகிற மாதிரி வருகிறது என்றால் அது வேறு வியாதி. டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஏ.சி. ஃபில்டர் இருக்கும். எடுத்துப் பார்த்தால் பாதி கண்மாய் அதில் இருக்கும். சில விலை குறைந்த மாடல்களில் ஃபில்டருக்கு இடம் விட்டிருப்பார்கள், ஃபில்டர் இருக்காது! அப்படியானால் அந்தத் தூசியெல்லாம் நேரே கூலிங் காயிலில் படிந்திருக்கும். புறப்பட்ட முதல் அரை மணி நேரம் பிரமாதம், பிறகு காற்றே குறைந்து போகிறது, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணினால் சரியாகிறது என்றால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. தெர்மோஸ்டாட்டோ சென்ஸரோ கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை என்பது முதல் சந்தேகம்.

எல்லாம் சரி, ஆனாலும் வெதுவெதுப்பு என்றால் ஹீட்டர் திருகைப் பாருங்கள். அருப்புக்கோட்டையில் ஹீட்டரா என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை! திருகு நீலத்தில் நிற்கும், உள்ளே கேபிள் கழன்று வெந்நீர்ப் பக்கம் திறந்து கிடக்கும். ஒரு பக்கம் ஏ.சி. குளிர வைக்க, இன்னொரு பக்கம் இன்ஜின் சூடு ஏற்ற, மாமியார் மருமகள் சண்டை மாதிரி இரண்டும் நடுவில் உங்கள் முகத்தில் வந்து விழும்.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை (ஜுரம் பார்ப்பது அல்ல) நடு வென்ட்டில் செருகுங்கள். உள்காற்றே சுற்றுகிற மாதிரி வைத்து, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். வெளியே 40 டிகிரி இருக்கையில் வென்ட்டில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வந்தால் அந்தச் சின்னக் காரைக் கும்பிடலாம். இருபதுக்கு மேல் என்றால் நிச்சயம் கோளாறு. கையில் நம்பர் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால்? கேஸோடு கொஞ்சம் ஆயிலும் சேர்ந்துதான் கசியும். அதனால் குழாய் ஜாயின்ட், கண்டென்ஸர் ஓரம், கம்ப்ரஸர் அடி ஆகிய இடங்களில் தூசி பிடித்த எண்ணெய்க் கறை தெரியும். ஓட்டை அதன் பக்கத்தில்தான் எங்கேயோ. நூறு ரூபாய் பெறாத ஓரிங்கூடக் காரணமாக இருக்கலாம். ஓட்டையை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்து இருபது முப்பது நிமிஷமாவது உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பிறகு எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே இருக்கும். சின்னக் கார்களில் பொதுவாக அரைக் கிலோவுக்கும் கீழே. "கைப்பழக்கம் சார், தொட்டுப் பார்த்தே ரொப்பிருவேன்" என்கிறவரை மரியாதையாகக் கும்பிட்டு விட்டு வந்துவிடுங்கள். கைப்பழக்கம் பரோட்டாவுக்குச் சரி.

என்ன கேஸ் என்பதும் முக்கியம். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ இன்னும் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறவர்கள் உண்டு. பழைய வண்டிகளில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைத் தின்கிற கேஸ். 2000-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி 2003 முதல் புது ஏ.சி.க்களில் அது கிடையாது. பழைய ஆர்-12 வண்டியில் புது கேஸைச் சும்மா ஏற்றினால் ஆயில் ஒத்துக்கொள்ளாது. ஆயில், ஸீல், டிரையர் எல்லாம் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கெட்டிக்காரன். ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் ரொப்புகிறவர் தன் காரைக் குளிர வைக்க ஊரைச் சூடாக்குகிறார்.

விலை மலிவு என்று பேர் தெரியாத டப்பாவையும் நம்ப வேண்டாம். 2011-ல் கப்பலில் போகும் ஏ.சி. கன்டெய்னர்கள் சில வெடித்து வியட்நாமிலும் பிரேஸிலிலுமாக மூன்று பேர் செத்துப் போனார்கள். காரணம் போலி கேஸ். ஆர்-134ஏ என்ற பேரில் மெத்தில் குளோரைடு கலந்து விற்றிருக்கிறார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கிற வஸ்துவாக மாறும். நம் கார் கண்டென்ஸரும் அலுமினியம்தான்! அதே மாதிரி சமையல் கேஸை ஏற்றிக் குளிர வைக்கிற புத்திசாலிகளும் உண்டு. குளிரும், சந்தேகமில்லை. கசிந்தால் கூலிங் காயில் இருக்கிற இடம் உங்கள் முழங்காலுக்கு நேர் எதிரே என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மாருதி 800 இன்ஜின் 796 சி.சி. மூன்று சிலிண்டர். அதுவே நாலு பேரையும் இழுத்து, கம்ப்ரஸரையும் சுற்ற வேண்டும். சந்தையில் வெயிலில் நாலு மணி நேரம் நின்ற காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யைப் போட்டால் அது பாவம் அந்த அறுபதோடு மல்லுக்கட்டும். நாலு கண்ணாடியையும் இறக்கி அரை கிலோமீட்டர் ஓட்டுங்கள். சூடு தானாக வெளியே போய்விடும். அப்புறம் மூடிக்கொண்டு, வெளிக்காற்று வழியையும் அடைத்து ஏ.சி. போடுங்கள்.

சென்னை நண்பர் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது, என் காரில் விழவில்லையே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரம். கடலோர ஊரில் விழும். கரிசல் காட்டு மே மாதக் காற்றில் ஈரத்துக்கு எங்கே போவது? கம்மியாகத்தான் விழும். தண்ணீர் காருக்கு உள்ளே, முன் சீட்டுக்காரர் காலடி மேட்டில் விழுந்தால் மட்டும் டிரெயின் டியூப் அடைத்திருக்கிறது. ஒரு பழைய சைக்கிள் பிரேக் கம்பி போதும், மெதுவாகக் குத்தி எடுத்துவிடலாம்.