கோதுமையும் ரோஜாவும்

தில்லியில் குளிர் தளர்ந்து, வெயில் இன்னும் கடுமை கொள்ளாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குடியரசுத் தலைவர் மாளிகையின் பூந்தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. மொகலாயத் தோட்டம் என்று நெடுங்காலம் வழங்கிய அதற்கு 2023 ஜனவரியில் ‘அம்ரித் உத்யான்’ என்று பெயர் சூட்டப்பட்டது. நம் சங்கத்துக் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறையேனும் காணத் தக்க இடம் அது.

தோட்டத்தின் பரப்பு 15 ஏக்கர். ஸர் எட்வின் லட்யன்ஸ் 1917-லேயே அதன் அமைப்பை வகுத்துவிட்டார். செடிகள் நடப்பட்டது 1928-29-ல்தான். வடக்குத் தெற்காக இரண்டும் கிழக்கு மேற்காக இரண்டுமாக வாய்க்கால்கள் ஓட, அவை கூடுமிடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள் விளங்குகின்றன. குடை போலக் கத்தரித்த மகிழமரங்களைக் கண்டதும் நம்மூர்க் கோயில் பிரகாரம் நினைவுக்கு வரும். ரோஜாவில் மட்டும் 150-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அர்ஜுனன், பீமன், ராஜாராம் மோகன் ராய், அன்னை தெரஸா, கென்னடி என்று அவற்றுக்குத்தான் எத்தனை பெயர்கள்!

சென்ற ஆண்டு எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், “இத்தனை நிலத்தில் தானியம் விளைந்தால் எத்தனை வயிறு நிறையும்!” என்று பெருமூச்செறிந்தார். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகியவரின் கேள்வி அது. நகைத்து ஒதுக்கத் தக்கதன்று.

அதே எண்ணம் அம்மாளிகையில் வாழ்ந்த ஒரு தமிழருக்கும் எழுந்ததுண்டு. 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவியபோது தாமே ஏர் பிடித்து உழுது, தோட்டத்தின் ஒரு பகுதியைத் தானியப் பயிருக்கு ஒதுக்கினார். இன்று அவ்விடத்தில் காய்கறிகள் பயிராகின்றன. ரோஜாப் பாத்திகளும் அழியவில்லை.

பெரியவருக்குரிய மற்றொரு விடை, தில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் பி. பி. பால் அவர்களின் வாழ்க்கையாகும். கோதுமையைத் தாக்கும் மூவகைத் துருநோய்களையும் தாங்கவல்ல ‘என்.பி. 809’ என்னும் இனத்தை 1954-ல் அளித்தவர் அவர். 1965-ல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனார். மக்களின் உணவுக்காக உழைத்த அவரே ஓய்வு நேரங்களில் ரோஜாக்களை இணைத்து ‘டெல்லி பிரின்ஸஸ்’ முதலிய பல புதிய இனங்களையும் உண்டாக்கினார். சோறும் பூவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். அவர் பெயர் தாங்கிய ரோஜாவும் அத்தோட்டத்தில் மலர்கிறது.

அனுமதிக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. 2025-ல் பிப்ரவரி 2 முதல் மார்ச் 30 வரை தோட்டம் திறந்திருந்தது. குழந்தைகளிடம் பூப் பறிக்கலாகாது என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்; பெயர்ப் பலகைகளைப் படிக்கச் செய்யுங்கள்.

வீட்டு மாடியில் ரோஜா வளர்ப்போர் அக்டோபர் நடுவில் கிளைகளைக் கவாத்துச் செய்ய வேண்டும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே முளைப்பது காட்டுச் செடியின் தளிராகையால் அதனை உடனே நீக்கிவிடுக. ஒரு தொட்டியில் ரோஜா இருந்தால், மறு தொட்டியில் கொத்தமல்லி இருக்கட்டும்.