கல்நெஞ்சை அளக்கும் கோல்

குற்றம் செய்த சிறுவனைக் "கல்நெஞ்சக்காரன்" என்று சொல்லிவிடுவது சுலபம். அளந்து சொல்வதுதான் கஷ்டம். இப்பிள்ளைகளில் பலர் கோபத்தாலும் சேர்க்கையாலும் கெட்டவர்கள். சிலரிடம் மட்டுமே, பிறர் வலி தைக்காத, செய்ததற்கு வருந்தாத இயல்பு நிலைத்திருக்கும். அதை உளவியலார் எப்படிக் கண்டறிகிறார்கள் என்பதை, நான் படித்தறிந்த மட்டில் சொல்கிறேன்.

அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிரிக் 2004இல் ஒரு வினாத்தாள் வகுத்தார். 24 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். சிறுவன், பெற்றோர், ஆசிரியர் ஆகியோர் நிரப்பத் தனித்தனி வடிவங்கள் உண்டு. ஏன் இத்தனை பேர்? மாட்டிக்கொண்ட பையன் நல்லவனாட்டம் வேஷம் போடலாம், முரடனாகவும் காட்டிக்கொள்ளலாம்.

கனடாவின் ராபர்ட் ஹேரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட அளவுகோலில் 20 அம்சங்கள். அதில் நேர்காணலோடு பழைய ஆவணங்களையும் ஒத்துப் பார்ப்பார்கள். நம்ம பாஷையில், ரசீதை வைத்துக்கொண்டு பேரேட்டைச் சரிபார்க்கிற மாதிரி.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, நடத்தைக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம் நான்கு அடையாளங்களைத் தேடச் சொல்கிறது: குற்றவுணர்வின்மை, இரக்கமின்மை, படிப்பிலும் வேலையிலும் அக்கறையின்மை, மேலோட்டமான உணர்ச்சி. இவற்றில் இரண்டாவது, 12 மாதங்களாவது, பல இடங்களிலும் பல உறவுகளிலும் தொடர்ந்து தெரிய வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் ஒருநாள் அழாமல் நின்றான் என்பது கணக்கில் சேராது. அடிபட்டே வளர்ந்த பிள்ளை பயத்தில் மரத்துப்போயும் நிற்பான்.

நமது நாட்டில் இது ஏன் முக்கியம்? 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, 16 வயது நிறைந்த சிறுவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்யும். அதன்பேரில் அவனைப் பெரியவர்போல் விசாரிக்க அனுப்பலாம். சட்டம் பார்க்கச் சொல்வது குற்றம் செய்வதற்கான மன, உடல் வல்லமை, விளைவை உணரும் திறன், நடந்த சூழ்நிலை ஆகியவற்றை. இரக்கம் உண்டா என்று அது கேட்கவில்லை. இரக்கத்தின் மதிப்பெண்ணை வைத்து இதைத் தீர்மானிப்பது, கஜக்கோலால் அரிசியை நிறுப்பது போலத்தான்.

அப்படியானால் இந்த மதிப்பெண் எதற்கு? வைத்தியத்திற்கு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1995இல் தொடங்கிய மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம், மற்ற இடங்களில் அடங்காத பையன்களை ஏற்றது. தண்டனையைக் கூட்டாமல், நல்ல நடத்தைக்கு உடனுக்குடன் சலுகை தந்து, விடாமல் சிகிச்சை அளித்தது. அங்கு இருந்தவர்கள் வெளியே வந்தபின் வன்முறைக் குற்றம் செய்வது, வழக்கமான சீர்திருத்த நிலையத்தில் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின.

ஆகவே, கூடுதல் மதிப்பெண் வாங்கிய பையனுக்குத்தான் கூடுதல் சிகிச்சை தேவை. அவன் திருந்தமாட்டான் என்று அந்தத் தாள் சொல்லவில்லை; நாமாகச் சொல்லிவிடக் கூடாது.