லினக்ஸ் மெனுவில் புரோகிராம் காணவில்லையா?

லினக்ஸில் ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்கிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் மெனுவைத் திறந்தால் அதனைக் காணோம். மீண்டும் இன்ஸ்டால் செய்தாலும் அதே கதை. தவறு உங்களுடையது அல்ல. பெரும்பாலும், மெனுவுக்குத் தகவல் தரும் சிறிய பைல் ஒன்று உரிய இடத்தில் இருக்காது.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகமாக இருந்தது. கே.டி.இ., குநோம் இரண்டும் தங்கள் மெனுவைத் தங்கள் வழியில் அமைத்தன. டெபியன் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. ஒவ்வொரு புரோகிராமும் ஒரு மெனு பைல் தரும். 'அப்டேட்-மெனுஸ்' கட்டளை அதனை ஒவ்வொரு விண்டோ மேனேஜருக்கும் ஏற்றபடி மாற்றித் தரும். நல்ல ஏற்பாடுதான். மாண்ட்ரேக் கூட இதனை எடுத்துக் கொண்டது. ஆனால் எல்லாரும் ஏற்கவில்லையே!

2000ல் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய 'ஃப்ரீடெஸ்க்டாப்' அமைப்பு, இரு தரப்புக்கும் பொதுவான விதிகளை எழுத இடம் தந்தது. 2002ல் ரெட் ஹாட் 8.0 இரண்டு டெஸ்க்டாப்புகளையும் ஒரே தோற்றத்தில் தந்தபோது கே.டி.இ. அணியில் சிலர் கொதித்தார்கள். ஆனாலும் 2004ல் கே.டி.இ. 3.2, 2005ல் குநோம் 2.10 எனப் பொது மெனு விதி இரண்டிலும் இடம் பிடித்தது.

விதி எளிமையானது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் 'டாட் டெஸ்க்டாப்' என முடியும் ஒரு டெக்ஸ்ட் பைல் உண்டு. பெயர், ஐகான், இயக்க வேண்டிய கட்டளை, பிரிவு ஆகியவை அதில் இருக்கும். கிராபிக்ஸ், ஆபீஸ், கேம், நெட்வொர்க் எனப் பிரிவுகளின் பெயர்களும் வரையறுக்கப்பட்டுள்ளன. விண்டோஸில் பல புரோகிராம்கள் தயாரித்த நிறுவனத்தின் பெயரில் போல்டர் போட்டு உட்கார்ந்து கொள்ளும். இங்கே செய்யும் வேலையை வைத்துப் பிரிக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தமிழ்ப் பெயருக்கும் இதே பைலில் தனி வரி உண்டு. டெஸ்க்டாப்பைத் தமிழுக்கு மாற்றினால், மொழிபெயர்க்கப்பட்ட புரோகிராம்கள் தமிழில் தெரிவது இதனால்தான்.

டெபியனின் பழைய முறை என்ன ஆயிற்று? டாட் டெஸ்க்டாப் பைல் தரும் புரோகிராம்கள் பழைய மெனு பைலைத் தரக் கூடாது என 2015ல் அதன் தொழில்நுட்பக் குழு முடிவு செய்தது.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். இணையத்தில் இறக்கிய 'ஆப்இமேஜ்' பைல்கள் தாமாக மெனுவில் சேர்வதில்லை. முதலில் பைலை ஒரு நிலையான போல்டரில் வைத்து, இயக்கும் அனுமதி கொடுங்கள். ஹோம் போல்டரில் கண்ட்ரோல் + எச் அழுத்தினால் மறைந்திருக்கும் போல்டர்கள் தெரியும். 'டாட் லோக்கல்', அதனுள் 'ஷேர்', அதனுள் 'அப்ளிகேஷன்ஸ்' எனச் செல்லுங்கள். வேறொரு புரோகிராமின் டாட் டெஸ்க்டாப் பைலை இங்கு காப்பி செய்து, கட்டாயம் புதிய பெயர் கொடுங்கள். பழைய பெயரே இருந்தால் அந்தப் புரோகிராம் மெனுவிலிருந்து போய்விடும். (நான் ஒருமுறை இப்படித்தான் கால்குலேட்டரைத் தொலைத்தேன்.) பின் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, 'நேம்' வரியில் பெயரையும், 'எக்ஸெக்' வரியில் பைலின் முழு முகவரியையும் மாற்றுங்கள். 'ட்ரைஎக்ஸெக்' வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். சேவ் செய்த பின்னும் மெனுவில் வரவில்லை என்றால் ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.