பனிமலைக்குப் போக ஒரு கணக்கு



பாரிட் புந்தாரிலிருந்து ஒரு சுட்டிப் பெண் கேட்டிருக்கிறாள்: "மாமா, பள்ளி விடுமுறைக்குக் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகலாம் என்று அப்பா சொல்கிறார். அங்கே பனியில் சறுக்கி விளையாடலாமாம். நம் ஊரில் மட்டும் ஏன் பனி பெய்வதில்லை? பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?"

சபாஷ்! நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பையில் வைக்க வேண்டியதில் பாதி தானாகவே தெரிந்துவிடும்.

பாரிட் புந்தாரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பக்கத்திலே கிரியான் ஆறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல்வயல். நிலம் கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. அதற்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்கு வெறும் காற்று.

வெறும் காற்றுதானே என்று நினைக்காதீர்கள். அதற்கும் எடை உண்டு. கூடை நிறைய மாம்பழம் அடுக்கினால் எந்தப் பழம் நசுங்கும்? அடியில் இருக்கும் பழம்தானே! நாம் அந்தக் கூடையின் அடியில் வாழ்கிறோம். மலை ஏற ஏற, மேலிருந்து அழுத்தும் பாரம் குறைகிறது. நெருக்குண்ட காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்ந்துபோகும்.

சந்தேகமாக இருக்கிறதா? நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டயரின் வால்வை ஒரு நொடி அழுத்துங்கள். புஸ்ஸென்று வரும் காற்றில் விரலை நீட்டுங்கள். சில்லென்று இருக்கும்.

புரிந்ததா? அப்படியானால் கணக்குக்குப் போவோம். 1,000 மீட்டர் ஏறினால், சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிட் புந்தாரில் பகலில் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தைப்பிங் பக்கத்தில் உள்ள புக்கிட் லாரூட், அதாவது தாத்தா பாட்டி சொல்லும் மேக்ஸ்வெல் மலை, சுமார் 1,250 மீட்டர் உயரம். அங்கே 8 டிகிரி குறையும். மீதி 22. ஜில்லென்று இருக்கும், ஆனால் பனி பெய்யாது.

நம் நாட்டின் மிக உயர்ந்த மலை, சபாவில் உள்ள கினபாலு. உயரம் 4,095 மீட்டர். கணக்குப்படி அங்கே 3 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். சில இரவுகளில் பாறை மேல் தண்ணீர் உறைவதுண்டு. பகல் நேரக் கணக்கில் பூஜ்யத்தைத் தொட வேண்டும் என்றால் 4,600 மீட்டர் ஏற வேண்டும். அவ்வளவு உயர மலை மலேசியாவில் இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டுமே! குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர்தான். கினபாலுவைவிடக் குறைவு. அங்கே மட்டும் எப்படிப் பனி?

காரணம் சூரியன். டிசம்பர் 21 அன்று நண்பகலில் பாரிட் புந்தாரில் சூரியன் அடிவானத்திலிருந்து 61 டிகிரி கோணத்தில் நிற்கும். வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் குல்மார்க்கிலோ 33 டிகிரியைக்கூடத் தொடாது. சாய்ந்து விழும் வெயில் நிறைய இடத்தில் பரவிச் சூடு குறைந்துபோகும். பகல் பொழுதும் குறைவு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த ஈரம்தான் பனியாகக் கொட்டுகிறது.

காஷ்மீர் மக்கள் டிசம்பர் 21 தொடங்கி 40 நாட்களைச் 'சில்லாய் கலான்' என்பார்கள். கடுங்குளிர்க் காலம் அதுதான். பனியில் சறுக்க ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற மாதங்கள்.

சரி, பையைத் திறப்போமா?

முதலில் உடுப்பு. ஒரே ஒரு தடித்த சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உடுப்பு நல்லது. இடையிடையே சிக்கும் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது, நடுங்க வைத்துவிடும். கம்பளி நல்லது. காஷ்மீர்க்காரர்கள் 'ஃபேரன்' என்ற தொளதொள அங்கியைப் போட்டு, அதற்குள்ளே 'காங்ரி' என்னும் தணல் சட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கரி நெருப்பு!

கையுறை கறுப்பு நிறமாக இருக்கட்டும். பனித்துகள் ஒன்று அதில் விழுந்தால் மூச்சு விடாமல் உற்றுப் பாருங்கள். ஆறு கைகள் தெரியும். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால் வரும் அழகு அது.

அடுத்து, கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும். குளிரில் எதற்கு என்கிறீர்களா? உயரத்தில் வடிகட்டக் காற்று குறைவு. அதனால் புற ஊதாக் கதிர் அதிகம். புதுப் பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கும்! தாடைக்கு அடியிலும் களிம்பு தடவ மறக்காதீர்கள்.

குல்மார்க்கில் 'கொண்டோலா' என்ற கம்பிவட வண்டி உண்டு. முதல் கட்டம் கொங்டோரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். ஆகவே போனவுடன் ஓடியாட வேண்டாம். முதல் நாள் ஓய்வு. நிறையத் தண்ணீர். தலைவலித்தால் அப்பாவிடம் சொல்லிவிடணும், மறைக்கக் கூடாது.

சறுக்குப் பலகையைச் சுமந்து போக வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நீளமான பலகை உங்கள் எடையைப் பரப்பிவிடுவதால் கால் புதையாது. 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஜெஃப்ரி வெப் பனிச்சறுக்கில் இறங்கினார். நம் நாட்டிலிருந்தும் போக முடிந்திருக்கிறது, பார்த்தீர்களா? நீங்கள் முதலில் சின்னச் சரிவில், பயிற்சியாளரோடு பழகுங்கள். குறி வைத்த பாதையைத் தாண்டாதீர்கள். பனிச்சரிவு சொல்லிக்கொண்டு வராது.

கடைசியாக இரண்டு பொருள்: ஒரு சின்ன வெப்பமானி, பிரிக்காத ஒரு கெரோப்போக் நொறுக்குத்தீனி பாக்கெட். கொண்டோலா நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை டிகிரி, பாக்கெட் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் ஏன் உப்புகிறது என்று இனி நீங்களே தம்பி தங்கைக்குச் சொல்லிவிடுவீர்களே!