குதிரையைக் கொல்லச் சொன்னவர், கட்சியிடம் சொல்லாதது

குதிரைக்குக் கிளாண்டர்ஸ் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு சோதனை உண்டு. நோய்க் கிருமியிலிருந்து எடுத்த ‘மாலீன்’ என்ற திரவத்தைக் கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றுவார்கள். ஏற்றும் முன்பே தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் ஏறி, ஊசி குத்திய இடம் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிக் கொதித்தால் முடிந்தது கதை. பார்க்க மினுமினு என்று நிற்கிற குதிரையாக இருந்தாலும் கொன்றுவிட வேண்டியதுதான். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். தொற்றினால் அந்தக் காலத்தில் பிழைப்பது அபூர்வம். ஏர் உழுகிற, வண்டி இழுக்கிற அந்த ஜீவனை நம்பியே பிழைக்கிற குடியானவனின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியவர், அரசாங்கக் கால்நடை ஆய்வாளர்.

கனடாவின் மேற்குக் கரை மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே அந்த ஆய்வாளர் உத்தியோகத்தைப் பார்த்த சைமன் ஃப்ரேசர் டோல்மி, 1928-ல் அதே மாகாணத்தின் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தே வருடத்தில் ஆட்சி போனது, சொந்தத் தொகுதி போனது, கட்சியே சின்னாபின்னமானது. பொருளாதார மந்தம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கென்னவோ அந்த வரி போதவில்லை.

டோல்மி 1867 ஜனவரியில் அந்த மாகாணத்தின் விக்டோரியா நகரத்தில் பிறந்தவர். அப்பா வில்லியம் ஃப்ரேசர் டோல்மி, ஸ்காட்லாந்திலிருந்து 1833-ல் ஹட்சன் பே கம்பெனியின் டாக்டராக வந்து இறங்கியவர். வைத்தியம் பார்த்தார், தோல் வியாபாரம் பார்த்தார், பூர்வகுடிகளின் மொழிகளைக் கேட்டுச் சொற்பட்டியல் எழுதினார், பின்னாளில் சட்டசபைக்கும் போனார். அம்மா ஜேன், அதே கம்பெனியின் பெரிய அதிகாரி ஜான் வொர்க்கின் மகள். ஜேனைப் பெற்ற ஜோசெட் லெகாஸே, ஸ்போகேன் பூர்வகுடி ரத்தமும் பிரெஞ்சுக் கனடிய ரத்தமும் கலந்தவர். அந்தப் பாட்டி 1896 வரை உயிரோடிருந்தார். பேரனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வெள்ளைக்காரர்களின் மாகாணம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த ஊரில், முதல்வரின் சொந்தப் பாட்டி இப்படி.

குளோவர்டேல் என்ற குடும்பப் பண்ணையில் ஆடு மாடுகளோடு வளர்ந்த பையன், ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து 1891-ல் பட்டம் வாங்கினார். மாட்டு டாக்டர் அரசியலுக்கு வருவது அந்தக் காலக் கனடாவில் அதிசயமில்லை. ஜான் ரதர்ஃபோர்டு என்பவர் மானிடோபா சட்டசபை, ஒட்டாவா நாடாளுமன்றம் இரண்டையும் பார்த்துவிட்டு, தேசத்தின் தலைமைக் கால்நடை அதிகாரியாகத் தொழிலுக்கே திரும்பினார். டோல்மி போனது எதிர்த்திசையில். 1917-ல் விக்டோரியாவின் எம்.பி. 1919-ல் விவசாய அமைச்சர். போர்டன், மீயன் என்று இரண்டு பிரதமர்களிடம் அந்தத் துறையைப் பார்த்தார். 1926-ல் சில வாரங்களே நீடித்த மீயன் ஆட்சியிலும் அதே துறை. தெரிந்த வேலை, தொல்லையில்லாத காலம்.

தொல்லை 1926 கடைசியில் காம்லூப்ஸ் நகரத்தில் வந்தது. மாகாண கன்சர்வேடிவ் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய மாநாட்டில் கோஷ்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. எவருக்கும் பகையில்லாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். விருப்பமில்லாமல் தலையாட்டினார் டோல்மி. தலைவரான பிறகும் ஒட்டாவாவில் எம்.பி.யாகவே காலம் தள்ளினார். எல்லோருக்கும் பிடித்தவர் என்பது பதவிக்கு வர உதவுகிற தகுதி. பதவியில் நிலைக்க உதவுகிற தகுதியா என்பது வேறு விஷயம்.

1928 ஜூலை தேர்தலில் 48 இடங்களில் 35 அவர் கட்சிக்கு. அரசாங்கத்தை ஒரு வியாபாரம் போல நடத்துவோம் என்பதுதான் பிரசாரம். மரமும் மீனும் தாதுவும் வெளிநாட்டுக்கு விற்றே வயிறு வளர்த்த மாகாணம் அது. அடுத்த வருடக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததும் வாங்க ஆளில்லை. 1931-ல் வேலையிழந்த இளைஞர்கள் சரக்கு ரயிலின் கூரையேறி வான்கூவருக்கு வந்து குவிந்தார்கள். மேற்கே போனால் குளிராவது குறைவு என்ற கணக்கு. அவர்களுக்காகச் சாலை வேலை முகாம்களைத் திறந்த அரசாங்கத்திடம், முகாமை நடத்தப் பணமில்லை.

இந்த நெருக்கடியில்தான் வியாபாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள். செலவை எங்கே வெட்டலாம் என்று நாங்கள் சொல்கிறோம், கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். வியாபாரம் போல ஆட்சி என்று ஓட்டு வாங்கியவர் எந்த வாயால் மறுப்பார்? பி.சி. எலெக்ட்ரிக் கம்பெனியின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் கிட் தலைமையில் ஐந்து பேர் குழு உட்கார்ந்தது. 1932-ல் அறிக்கை வந்தது. சட்டசபையை 48 பேரிலிருந்து 28 ஆகச் சுருக்கு. பல்கலைக்கழக மானியத்தை நிறுத்து. நஷ்டத்தில் ஓடும் பசிபிக் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயைத் தள்ளிவிடு. இலவசப் படிப்பு பதினான்கு வயதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமா, அப்பன் பணம் கட்டட்டும்.

மாகாணமே கொதித்தது. வேலையில்லாத அப்பனிடம் பள்ளிக் கட்டணம் கேட்டால் கொதிக்காமல் என்ன செய்யும்? டோல்மி அறிக்கையின் பெரும்பகுதியை ஏற்கவில்லை. அதுவே நியாயம். ஆனால் குழுவை அழைத்தவரும் அவரே என்பதால் பழி அவர் தலையில் விழுந்தது. ஏற்காததால் வியாபாரிகளின் கோபமும் சேர்ந்துகொண்டது. குடியானவனிடம் குதிரையைக் கொல்ல வேண்டும் என்று சொல்லிப் பழகியவர், காம்லூப்ஸில் தன் கட்சியிடம் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வியாபாரிகளிடம் உங்கள் குழு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோதனை ஊசியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு திடுக்கிட்டார்.

எல்லாக் கட்சியும் சேர்ந்து ஆளலாம் என்று எதிர்க்கட்சி லிபரல் தலைவர் பட்டுல்லோவை அழைத்தார். தானாக விழப்போகிற பழத்துக்குப் பங்கு பேச பட்டுல்லோ என்ன ஏமாளியா? மறுத்துவிட்டார். 1933 நவம்பர் தேர்தலில் கன்சர்வேடிவ் அமைப்பு அதிகாரபூர்வமாக வேட்பாளர்களையே நிறுத்தவில்லை. அவரவர் ஒரு பெயரில் நின்றார்கள். பழைய முதல்வர் பௌசர் தனி அணியோடு கிளம்பி, பிரசாரத்தின் நடுவிலேயே இறந்துபோனார். டோல்மியின் யூனியனிஸ்ட் அணிக்கு ஒரே ஓர் இடம். சானிச் தொகுதியில் அவரே தோற்றார். 47-ல் 34 லிபரல்களுக்கு. முந்தின வருடம் பிறந்த சி.சி.எஃப். என்ற சோஷலிஸ்ட் கட்சி ஏழு இடத்தோடு எதிர்க்கட்சி ஆனது. அதன்பின் இன்றுவரை அந்த மாகாணத்தில் கன்சர்வேடிவ் கட்சி தனித்து ஆட்சிக்கு வரவில்லை.

அலாஸ்கா வரைக்கும் ஒரு நெடுஞ்சாலை போட வேண்டும் என்பது டோல்மியின் ஆசை. அது 1942-ல் யுத்தத்துக்காக, அமெரிக்க ராணுவத்தின் கையால் அவசர அவசரமாகப் போடப்பட்டது. பார்க்க அவர் இல்லை. 1936 இடைத்தேர்தலில் மயிரிழையில் ஜெயித்து ஒட்டாவாவுக்குத் திரும்பியவர், அடுத்த வருடம் அக்டோபரில் காலமானார்.

விக்டோரியாவை ஒட்டி மவுன்ட் டோல்மி என்று ஒரு குன்று இருக்கிறது. உச்சிவரை கார் போகும். ஊர் முழுவதும் தெரியும். அது அப்பாவின் பெயர்.