வேலி தாண்டும் பிள்ளைகளும் நிலக்காரர் கடமையும்

விடுமுறை வந்துவிட்டால் நம் பெங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்துக் காலி மனையே விளையாட்டுத் திடல். பந்து வேலிக்கு அப்பால் விழுந்தால் பிள்ளையும் பின்னாலேயே ஓடும். அங்கே மூடாத நீர்த்தொட்டியோ, வறண்ட ஆழ்துளைக் கிணறோ இருந்து விபத்து நேர்ந்தால், "அனுமதியின்றி நுழைந்தது யார் குற்றம்?" என்று மனைக்காரர் கேட்பதுண்டு. இக்கேள்விக்குச் சட்டம் தந்த விடை காலத்தோடு மாறி வந்திருக்கிறது.

இத்தகைய நஷ்டஈட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளில் வளர்ந்த கோட்பாடுகளையே பெரிதும் தழுவி வந்துள்ளன. ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கக் கம்பெனியின் இயந்திரச் சக்கரத்தில் சிக்கி நான்கு வயதுப் பாலகன் மாண்டான். அத்துமீறி நுழைந்தவன் என்பதால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 1929-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பின்னர் 1965-இல் இங்கிலாந்தில் பழுதான ரயில்வே வேலியைத் தாண்டிய ஆறு வயதுச் சிறுவன், மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் படுகாயமுற்றான். பிள்ளைகள் அவ்வழியே நுழைவது ரயில்வே அதிகாரிக்கு முன்னரே தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே ரயில்வேதான் பொறுப்பு என்று 1972-இல் அதே சபை கூறிற்று. வேலியின் பொருள் குழந்தைக்குத் தெரியாது. அபாயத்தை அறிந்த பெரியவரே அதைத் தடுக்க வேண்டும் என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

நம் நாட்டில் ஆழ்துளைக் கிணறுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரி 11-இல் விதிகள் வகுத்தது. கிணறு தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக நில உரிமையாளர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோண்டும்போது முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயின் வாய் இரும்பு மூடியால் இறுக அடைக்கப்பட வேண்டும். கைவிட்ட கிணற்றைத் தரைமட்டம் வரை மண், கல் இட்டு நிரப்ப வேண்டும்.

விதி இருந்தும் விபத்து ஓயவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், வீட்டருகே இருந்த குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தை நான்கு நாள் மீட்புப் பணிக்குப் பின் பிணமாகவே மீட்கப்பட்டது. 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் விஜயபுரா மாவட்டம் லச்சியானில், ஏறத்தாழ 20 மணி நேரப் போராட்டத்திற்குப்பின் ஒரு குழந்தை உயிருடன் மீண்டது. எல்லாத் தாய்மாருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

அன்பர்களே! நம்மில் பலர் இங்கே வாடகை வீட்டில் வாழ்கிறோம். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நமக்கு நிலமும் உண்டு. அண்டை மனையில் அபாயக் குழி கண்டால் உரிமையாளருக்கும் மாநகராட்சிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். அபாயம் அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுவே சான்று. அதேபோல், ஊரில் நம் நிலத்துக் கிணறு மூடியிருக்கிறதா என்று இன்றே கேட்டறிவோம். பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் கடமையை முதலில் நாமே செய்து முடிப்போம்!